கீமோ முடிந்தும் ஒளிந்திருக்கும் கலங்கள்: உடம்பு ஏன் இடம் கொடுக்கிறது?

நுணாவில்பிள்ளை | வெள்ளி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 2016இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் மகரகமவில் முடித்து, பிறகு ஐந்து வருடம் தமொக்சிபென் என்ற ஓமோன் தடுப்புக் குளிசையும் ஒருநாள் தவறாமல் எடுத்தார். கிளினிக்கைத் தெல்லிப்பழைக்கு மாற்றித் தந்தபோது இனி அலைச்சல் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு இடுப்பு நோவு தொடங்கியது. ஸ்கானில் எலும்பில் பரவியிருக்கிறது என்று வந்திருக்கிறது.

டொக்டர் நேரம் எடுத்துத்தான் கதைத்தார். அவர் சொன்ன ஒரு விஷயம் அம்மாவின் மனதில் முள்ளாக ஏறிவிட்டது. கீமோவுக்குச் சாகாத சில கலங்கள் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தன, அவற்றுக்குச் சுற்றியிருந்த நல்ல கலங்களே இடம் கொடுத்தன என்றார். "என்ர உடம்பே எனக்குத் துரோகம் செய்துபோட்டுது" என்று அம்மா இரவில் அழுகிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது என்ன இடம்? உடம்பு ஏன் அப்படிச் செய்கிறது? விளங்கிய யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

ஏழாலைத்தோட்டம் | வெள்ளி, இரவு 9.50

பிள்ளை, எனக்கு மருத்துவம் தெரியாது. நாற்பது வருடமாக செம்பாட்டுத் தரையில் வெங்காயமும் புகையிலையும் செய்தவன். டொக்டர் சொன்னதைக் கேட்டதும் கோரைதான் நினைவுக்கு வந்தது. மேலே தெரிகிற புல்லைச் செருக்கி எடுத்தால் தரை துப்புரவாக இருக்கும். பத்து நாள் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஊசி ஊசியாகத் திரும்ப வரும். கிழங்கு கீழே இருக்கிறது. மருந்து அடித்தாலும் இலைதான் கருகும்.

ஆனால் ஒன்று. அந்தக் கிழங்கைத் தரை வேண்டுமென்று காப்பாற்றவில்லை. வெங்காயத்துக்கு என்று நான் போட்ட எருவும் இறைத்த தண்ணீரும்தான் அதற்கும் போனது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கைதடி_ஆய்வுகூடம் | வெள்ளி, இரவு 11.35

தங்கச்சி, ஏழாலை ஐயா சொன்னதை விட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்காது. நான் கலங்களோடு வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சொல். பள்ளியில் படித்த "கலம்" என்பதையே பாவிக்கிறேன். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் செல், உயிரணு என்று இருக்கும். டொக்டர் சொன்ன அந்த ஒளிந்திருக்கும் வகையைக் குருத்துக் கலம் என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். பனையில் ஓலையை எத்தனை தரம் வெட்டினாலும் குருத்து இருக்கும்வரை புது ஓலை வரும். சண்டைக் காலத்தில் ஷெல் பட்டுத் தலைபோன பனைகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குருத்துப் போன மரம் பிறகு துளிர்க்கவே இல்லை. கட்டியிலும் எல்லாக் கலமும் ஒன்றல்ல. பெரும்பாலானவை ஓலை, சில குருத்து.

இது வெறும் உவமை இல்லை. 1994இல் ரொறன்ரோவில் ஜோன் டிக்கின் குழு, ஒருவகை இரத்தப் புற்றுநோயில் மிகச் சில கலங்கள்தான் எலிக்குள் நோயை மறுபடி தொடக்க வல்லவை என்று காட்டியது. 2003இல் மிச்சிகனில் மைக்கல் கிளார்க்கின் குழு அதையே மார்பகப் புற்றுநோயில் கண்டது. மேற்பரப்பில் சீடி44 என்ற புரதம் உள்ள, சீடி24 இல்லாத அல்லது குறைந்த கலங்களில் வெறும் 100ஐப் போட்டாலே எலியில் கட்டி வந்தது. மற்றக் கலங்களைப் பல்லாயிரக் கணக்கில் போட்டும் வரவில்லை. இந்தக் குருத்துக் கலங்களில் பல மெதுவாகத்தான் பிரியும். கீமோ வேகமாகப் பிரிகிற கலத்தைத்தான் நன்றாக அடிக்கும். மற்றது, மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் டீஎன்ஏ உடைந்தால் தைக்கும் திறனும் இவற்றில் பெரும்பாலும் அதிகம்.

இனித்தான் உங்கள் கேள்வி. இடம் யார் கொடுப்பது?

எங்கள் எலும்பு மச்சையில் இரத்தத்தை உண்டாக்கும் நல்ல குருத்துக் கலங்கள் இருக்கின்றன. அவை தனியே உயிர்வாழ மாட்டா. பக்கத்துக் கலங்கள் "நீ பிரியாதே, இப்படியே இரு" என்று இரசாயனச் செய்தி கொடுத்துக்கொண்டே இருக்கும். ரே ஸ்கோஃபீல்ட் 1978இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். அப்படி ஒரு உறைவிடம் இல்லாவிட்டால் நாங்கள் யாரும் அறுபது, எழுபது வயதுவரை இரத்தம் ஊறி வாழ முடியாது. உடம்பு அதைத் தன் நல்ல பிள்ளைகளுக்காகக் கட்டியது. புற்றுநோய்க் கலம் அதே வீட்டுக்குள் புகுந்து குடியிருக்கிறது, அல்லது அதைப் பார்த்து இன்னொன்று கட்டுகிறது.

கட்டிக்குள் போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி புற்றுநோய்க் கலமே இல்லாத இடங்கள் உண்டு. நாரிழையக் கலங்கள், இரத்தக் குழாய், நோயெதிர்ப்புக் கலங்கள், இவற்றுக்கிடையே கொலாஜன் வலை. நாரிழையக் கலம் சாதாரணமாகக் காயம் பட்ட இடத்தில் தழும்பு கட்ட வருவது. கட்டிக்குள் அது ஐஎல்-6 போன்ற செய்திப் புரதங்களைச் சுரந்து குருத்துத் தன்மையைத் தாங்கிப் பிடிக்கிறது. பெருந்தின் கலம் என்ற ஒன்று இருக்கிறது. கிருமியையும் குப்பையையும் தின்பது அதன் வேலை. புண் ஆறுகிற கட்டத்தில் சண்டையை நிறுத்திவிட்டுத் திருத்த வேலைக்கு மாறும். கட்டி அதை இந்த இரண்டாவது கட்டத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. 1986இல் ஹரோல்ட் ட்வோராக் கட்டிகளை ஆறாத புண்கள் என்று எழுதினார். அம்மாவுக்கு இதைத்தான் சொல்லுங்கள். உங்கள் உடம்பு துரோகம் செய்யவில்லை. புண் ஒன்று இருக்கிறது, ஆற்ற வேண்டும் என்று நம்பி வேலை செய்தது. அதை ஏமாற்றியது கட்டி.

ஒட்சிசன் கதை இன்னும் வியப்பானது. கட்டி வளர வளர நடுப்பகுதிக்கு இரத்தம் போதாது. மற்றக் கலங்கள் அங்கே திணறும்போது குருத்துக் கலங்கள் அடங்கிக் கிடந்து சமாளிக்கும். ஒட்சிசன் குறைந்தால் எச்ஐஎஃப் என்ற புரதம் அழியாமல் நிலைத்து நின்று நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிடும்; அவற்றில் குருத்துத் தன்மையைக் காப்பவையும் உண்டு. கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்த வழியைக் கண்டதற்குத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. கதிர்ச் சிகிச்சைக்கும் ஒட்சிசன் துணை வேண்டும். அது இல்லாத மூலையில் கதிரின் அடியும் மெலிந்துவிடும்.

வடமராட்சியான் | சனி, காலை 6.20

அக்கா, நான் மருத்துவபீட மாணவன். வடிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு மறுப்பு. குருத்துக் கலம் என்று தனிச் சாதி ஒன்று இருக்கிறதா என்பதே விவாதத்தில் இருக்கிறது அல்லவா? 2008இல் ஷோன் மொரிசனின் குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இதே சோதனையைச் செய்தது. நோயெதிர்ப்பு இன்னும் குறைந்த எலிகளில் கலங்களைப் போட்டபோது, நாலில் ஒன்று என்ற அளவுக்குக் கட்டி உண்டாக்கியது. அதற்கு முன்பு மிகமிக அரிது என்று எண்ணியிருந்தார்கள். அப்படியென்றால் ஓலை, குருத்து என்ற பிரிப்பு எலியைப் பொறுத்து மாறுகிறதே.

கைதடி_ஆய்வுகூடம் | சனி, காலை 8.05

தம்பி, கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் மறுப்பு என்று வைத்த சோதனையை நான் மண்ணுக்கான, அதாவது கலத்தைச் சுற்றியுள்ள அயலுக்கான, சாட்சியாகப் பார்க்கிறேன். கலம் அதேதான், எலி மாறியது, முளைக்கிற எண்ணிக்கை மாறிவிட்டது. அப்படியானால் "இது குருத்து, இது ஓலை" என்பதைக் கலத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதைவிடத் தெளிவானது 2010இல் அம்ஸ்டர்டாமிலிருந்து வந்த பெருங்குடல் புற்றுநோய் ஆய்வு. நாரிழையக் கலங்களுக்கு அருகில் இருந்த புற்றுநோய்க் கலங்களில்தான் வின்ட் என்ற சமிக்ஞை உச்சத்தில் இருந்தது. குருத்துத் தன்மையும் அங்கேதான். பிறகு, முதிர்ந்து ஓலையாகிவிட்ட கலங்களை எடுத்து அந்த அயலவர் சுரக்கும் எச்ஜீஎஃப் என்ற புரதத்தைக் கொடுத்தார்கள். அவை திரும்பக் குருத்தாயின. யோசித்துப் பாருங்கள், இருக்கிற குருத்து முழுவதையும் கொன்றாலும், அயல் அப்படியே இருந்தால் மிஞ்சிய ஓலையிலிருந்தே புதிதாக ஒன்று வரலாம். பனையில் நடக்காதது இங்கே நடக்கிறது. நேற்று நான் சொன்ன உவமை இந்த இடத்தோடு முடிந்துபோகிறது, கோரைதான் பொருத்தம்.

வடமராட்சியான் | சனி, காலை 8.30

சரி அக்கா, ஏற்றுக்கொள்கிறேன். "சாதி" என்று நினைத்ததை "நிலை" என்று நினைக்க வேண்டும் போல. இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012இல் புரொஸ்ரேட் புற்றுநோயில் ஒரு ஆய்வு வந்தது. கீமோவால் அடிபட்ட நாரிழையக் கலங்களே வின்ட்16பீ என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துப் புற்றுநோய்க் கலங்கள் அடுத்த கீமோவைத் தாங்க உதவின. மருந்தே மண்ணை மாற்றுகிறது.

ஓய்வுபெற்ற_மிசி | சனி, மதியம் 1.15

பிள்ளைகளே, மேலே எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதை நோயாளிகளும் வாசிப்பார்கள் என்பதை நினைத்து எழுதுங்கள். முப்பத்தோரு வருடம் வார்ட்டில் நின்றவள் நான். "கீமோவே புற்றுநோயை வளர்க்குதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டாவது சுற்றோடு நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கட்டி உடைந்து மணக்க மணக்க வந்த தாய்மாரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். முதலில் வந்தபோது முழுதாகச் சுகமாக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அந்த முகங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

தம்பி சொன்ன ஆய்வு கீமோ வேண்டாம் என்று சொல்லவில்லை. கீமோவோடு சேர்த்து வேறு என்ன செய்யலாம் என்று தேடுகிறது. யாராவது சிகிச்சையின் நடுவில் இருந்துகொண்டு இந்த இழையை வாசித்தால், தயவுசெய்து எதையும் நிறுத்தாதீர்கள். கேள்வி இருந்தால் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்கில் கேளுங்கள்.

வடமராட்சியான் | சனி, மதியம் 1.40

மன்னிக்க வேண்டும் மிசி. அதைச் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். இனிக் கவனமாக இருப்பேன்.

ஏழாலைத்தோட்டம் | சனி, மாலை 5.10

பிள்ளை கைதடி, எனக்கு ஒரு கேள்வி. அந்த நார்க்கலங்கள்தான் இடம் கொடுக்கின்றன என்றால், அவற்றை முழுதாக அழித்துவிட்டால் என்ன?

கைதடி_ஆய்வுகூடம் | சனி, இரவு 9.00

ஐயா, உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களும் அதையேதான் நினைத்தன. கணையப் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி நார்த் திசு மதில் மாதிரி இருக்கும். மதிலை உடைத்தால் மருந்து உள்ளே போகும் என்று நம்பினார்கள். 2014இல் இரண்டு குழுக்கள் எலிகளில் அந்த நார்ப்பகுதியைக் குறைத்துப் பார்த்தன. கட்டி இன்னும் மூர்க்கமானது, எலிகள் கெதியாகச் செத்தன. அந்த மதில் கட்டியைத் தாங்கியதோடு ஓரளவு அடக்கியும் வைத்திருந்திருக்கிறது. மதிலில் நிறைந்திருக்கும் ஹயலுரோனன் என்ற பசையைக் கரைக்கும் மருந்து ஒன்றும் மனிதரில் கடைசிக் கட்டச் சோதனைவரை போய், 2019இல் ஆயுளைக் கூட்டவில்லை என்று கைவிடப்பட்டது.

இரத்தக் குழாயிலும் அதே பாடம். மூளைக் கட்டியின் குருத்துக் கலங்கள் குழாய்களை ஒட்டியே குடியிருக்கும் என்று 2007இல் காட்டினார்கள். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைக் கிளியோபிளாஸ்ரோமா என்ற மூளைப் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே கொடுத்துச் செய்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2014இல் வந்தது. நோய் கூடாமல் இருந்த காலம் கொஞ்சம் நீண்டது, ஆனால் ஆயுள் நீளவில்லை. குழாயைக் குறைத்தால் ஒட்சிசன் குறையும். ஒட்சிசன் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே.

அதனால் இப்போது பலர் மண்ணை அழிப்பதை விட்டுவிட்டு அதன் குணத்தைத் திருப்பப் பார்க்கிறார்கள். நாரிழையக் கலத்தை அதன் அமைதியான நிலைக்குக் கொண்டுவருவது, பெருந்தின் கலத்தைத் திரும்பச் சண்டைக்கு எழுப்புவது. இன்னும் பெரும்பாலும் ஆய்வில்தான் இருக்கிறது.

ஏழாலைத்தோட்டம் | சனி, இரவு 9.25

விளங்கிவிட்டது பிள்ளை. கோரை மிஞ்சிப்போன ஒரு துண்டில் நானும் வெங்காயத்தை விட்டுவிட்டு அடர்த்தியாக நிழல் விழுகிற பயிர் வைத்தேன். கோரைக்கு வெயில் வேண்டும். கிழங்கு சாகவில்லை, கிண்டிப் பார்த்தால் கிடக்கும். ஆனால் தலை தூக்கவில்லை. நான்கு வருடம் அந்தத் துண்டில் சாப்பிட்டோம்.

அயல்வீடு | ஞாயிறு, காலை 7.00

அப்போ சாப்பாட்டால் உடம்பின் மண்ணை மாற்ற முடியாதா? அன்னமுன்னா இலை அவித்துக் குடிக்கச் சொல்லி வாட்சப்பில் வந்துகொண்டே இருக்கிறது.

ஓய்வுபெற்ற_மிசி | ஞாயிறு, காலை 7.40

அன்னமுன்னா இலை மனிதரில் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கீமோ நடக்கும்போது தெரியாத கசாயங்கள் ஈரலுக்குச் சுமை. மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றுக்கு எருவாகும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உண்டாகிறது, அதனால் உடல் எடையைக் கட்டுக்குள் வைப்பதும் தினமும் நடப்பதும் வீண்போகாது. அதற்கு மேல் வாக்குறுதி தர மாட்டேன்.

மானிப்பாய்_பல்வைத்தியம் | ஞாயிறு, காலை 10.30

மண் என்று கதைப்பதால் எங்கள் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெற்றிலையோடு பாக்குப் போடுகிறவர்களில் சிலருக்கு வாய் மெல்ல மெல்ல இறுகிவிடும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாது, உறைப்புப் பட்டால் எரியும், உள்கன்னம் வெளிறித் தோல்போலத் தடிக்கும். பாக்கிலுள்ள அரிகோலின் நாரிழையக் கலங்களைத் தூண்டிக் கொலாஜனைக் குவிக்கிறது; பாக்கிலுள்ள செம்பு அந்தக் கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்கும் நொதியத்துக்கு உதவுகிறது. புற்றுநோய் என்ற விதை இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கான மண் இருபது வருடத்துக்கு முன்பே தயாராகத் தொடங்கிவிட்டது.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குத்தானே என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு முதலிடத்தில் வருவது வாய்ப் புற்றுநோய். கலியாண வீட்டில், செத்த வீட்டில், கோயில் திருவிழாவில் தட்டம் நீட்டுவதை நான் குறை சொல்லவில்லை. நாள்தோறும் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன். இறுகிய வாய் பாக்கை விட்டாலும் முழுதாக இளகாது, அதனால் இறுக முன்னமே விட வேண்டும். நோவு இல்லாத வெள்ளை, சிவப்புத் திட்டு வாயில் இருந்தாலும் காட்டுங்கள். நோவு வந்த பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நுணாவில்பிள்ளை | ஞாயிறு, மாலை 6.45

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஆறாத புண்ணை ஆற்ற நினைத்த உடம்பு என்ற இடத்தில் நிறுத்தி இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அழவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. இத்தனை வருடம் கழித்து ஏன், அதுவும் ஏன் எலும்பு? மற்றது, ஓமோன் குளிசையை மாற்றியதோடு எலும்புக்கு என்று ஒரு ட்ரிப்பும் போடப்போகிறார்கள். சொலெட்ரோனிக் அமிலம் என்று துண்டில் இருக்கிறது. அது என்ன செய்யும்?

கைதடி_ஆய்வுகூடம் | ஞாயிறு, இரவு 8.20

தங்கச்சி, அந்த ட்ரிப் மண்ணுக்கான மருந்து.

1889இல் லண்டனில் ஸ்டீஃபன் பஜெற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் பார்த்தார். நோய் கண்ட கண்ட உறுப்பில் எல்லாம் பரவவில்லை, சில உறுப்புகளைத்தான் நாடிப் போயிருந்தது. விதை எங்கும் விழும், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். எலும்பு மச்சை சீஎக்ஸ்சீஎல்12 என்ற அழைப்புப் புரதத்தைச் சுரக்கிறது. இரத்தக் குருத்துக் கலங்களைத் தன் வீட்டில் பிடித்து வைப்பதற்காக. அந்த அழைப்பைக் கேட்கும் காது மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் பலவற்றிலும் இருக்கிறது. அவை போய் அந்த வீட்டில் தங்கி, பிரியாமல் உறங்கிவிடும். உறங்குகிற கலம் ஸ்கானிலும் தெரியாது, கீமோவும் எழுப்பாது. ஓமோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் உள்ள 62,000க்கு மேற்பட்ட பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. ஐந்து வருடக் குளிசை முடிந்த பிறகும், இருபதாவது வருடம்வரை நோய் திரும்புவது சீராக நடந்துகொண்டே இருந்தது. அம்மா எதையும் தவறவிடவில்லை. இந்த நோயின் போக்கு அது.

விழித்த பிறகு நடப்பது ஒரு சுழல். புற்றுநோய்க் கலம் ஒரு சமிக்ஞையைச் சுரந்து எலும்பைத் தின்னும் கலங்களை முடுக்கும். எலும்பு கரையும்போது அதற்குள் சேமித்திருந்த ரீஜீஎஃப்-பீற்றா போன்ற வளர்ச்சிப் புரதங்கள் வெளியே வரும். அது புற்றுநோய்க் கலத்துக்கு எரு. அது இன்னும் வளரும், இன்னும் எலும்பைக் கரைக்கும். சொலெட்ரோனிக் அமிலம் எலும்பில் ஒட்டிக்கொண்டு அந்தத் தின்னும் கலங்களை அடக்கும். எரு வருவது குறையும், எலும்பு முறியும் ஆபத்தும் நோவும் குறையும். 2015இல் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆரம்பக் கட்டத்திலேயே இவ்வகை மருந்தைக் கொடுத்தால் எலும்பில் திரும்புவது குறைகிறது என்பதும் தெரிந்தது. மண்ணைத் திருத்துவது இன்னும் ஆய்வில் என்று நேற்று எழுதினேன். எலும்பில் மட்டும் அது கிளினிக்குக்கே வந்துவிட்டது.

மானிப்பாய்_பல்வைத்தியம் | ஞாயிறு, இரவு 8.40

நுணாவில் தங்கச்சி, அவசரமாக ஒன்று. ட்ரிப் தொடங்க முன்னர் அம்மாவின் பல்லைக் காட்டினீர்களா? இந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். அரிதுதான், வந்தால் மிகவும் கஷ்டம். ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_மிசி | ஞாயிறு, இரவு 8.55

சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை, கல்சியம், விற்றமின் டி மூன்றையும் கேளுங்கள் பிள்ளை. முதல் ட்ரிப்புக்கு அடுத்த நாள் காய்ச்சலும் உடம்பு நோவும் வரலாம். பயப்பட வேண்டாம், பரசிற்றமோல் போதும்.

நுணாவில்பிள்ளை | செவ்வாய், இரவு 7.30

பல்லைக் காட்டினோம். கீழ்ப்பக்கம் ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது, அம்மா இத்தனை நாளும் சொல்லவே இல்லை. நேற்றே பிடுங்கியாயிற்று. புண் ஆறும்வரை ட்ரிப்பைத் தள்ளி வைக்கச் சொல்லி டொக்டருக்குக் கடிதமும் தந்தார்கள். அம்மா இப்போது கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஏழாலை ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: அந்தத் துண்டில் நீங்கள் வைத்த நிழல் பயிர் என்ன?

ஏழாலைத்தோட்டம் | செவ்வாய், இரவு 8.10

மரவள்ளி, பிள்ளை. கிட்டக் கிட்ட நட்டது. அம்மா சாப்பிடக்கூடியதாக வந்ததும் சொல்லுங்கள், அவித்துச் சாப்பிடக் கிழங்கு கொண்டுவந்து தருகிறேன்.